சொந்தச் சிறகும் இரவற் சிறகும்
எயார் சிலோனின் வரலாறு பற்றிய ஒரு சிந்தனை

ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாற்றை ஆராய்வோர் வாகனங்களின் பெருமையையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். எவ்வழி முதலிற் திறக்கப்பட்டது, அவ்வழி யாருக்குப் பயன்பட்டது, யாருடைய பொருளால் நடந்தது என்னும் வினாக்களே அவ்வரலாற்றின் உயிர்நாடி. இவ்வினாக்களை மனத்திற்கொண்டு, 1947 முதல் 1979 வரை இலங்கையின் தேசிய விமானச் சேவையாக விளங்கிய எயார் சிலோனின் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27ஆந் தேதியாகும். சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் அது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பலாலி, கட்டுநாயக்க முதலிய இடங்களிற் போர் விமானங்களுக்கான ஓடுபாதைகள் எழுந்தன. போர் முடிந்தபின், படைகளைச் சுமந்த டக்கோட்டா விமானங்கள் உலகெங்கும் விலைக்குக் கிடைத்தன. போக்குவரத்து அமைச்சராயிருந்த ஜோன் கொத்தலாவல அவர்களின் முயற்சியால் இலங்கை அரசாங்கம் மூன்று டக்கோட்டாக்களைப் பெற்றது. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என அவற்றுக்குப் பெயரிட்டனர்.

1947 டிசம்பர் 10ஆந் தேதி முதற் சேவை தொடங்கிற்று. இலங்கை சுதந்திரம் பெறுதற்கு அப்பொழுது இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. அம்முதல் விமானம் இலண்டனுக்கோ சிட்னிக்கோ செல்லவில்லை. இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, பின் சென்னையை அடைந்தது. தலைநகரையும் வடபுலத்தையும் தமிழகத்தையும் ஒரே கோட்டில் இணைத்த இவ்வழியே தேசிய விமானச் சேவையின் முதல் வழியாகும். மக்கள் ஏற்கெனவே நடமாடிய வழியிலேயே விமானமும் சென்றது என்பது கருதத்தக்கது.

இவ்விடத்து மலைநாட்டவராகிய நம் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் பாதையில் ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு ஆகாயவழி எட்டாத ஒன்று. அவர்கள் புகைவண்டியில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலேறித் தனுஷ்கோடிக்குச் சென்றனர். 1914இல் தொடங்கிய அவ்வழி 1964 டிசம்பர் மாதப் பெரும்புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. பின்னர் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதுவும் நின்றது. ஆகவே, குறுகிய வழி ஒன்று அற்றுப்போதலின் பொருளை நம் மக்கள் நன்கறிவர்.

எயார் சிலோன் விரைவிலேயே நெடுவழிகளை நாடிற்று. தூரதேசங்களிற் கொடி பறத்தல் புதிய நாட்டுக்குப் பெருமை என்பது அக்காலத்தார் எண்ணம். ஆனால் நெடுவழிக்கு வேண்டிய விமானங்களும் விமானிகளும் முதலும் நாட்டிலிருக்கவில்லை. எனவே 1949இல் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று நூற்றுக்கு 49 பங்கு பெற்றுக் கூட்டாளியாயிற்று. அதன் நான்கு இயந்திர ஸ்கைமாஸ்டர் விமானங்கள் எயார் சிலோனின் பெயரில் இலண்டனுக்கும் சிட்னிக்கும் பறந்தன. அக்கூட்டு நீங்கியபின் ஒல்லாந்தின் கே.எல்.எம். கம்பனி அப்பங்கைப் பெற்றது. கொன்ஸ்டலேசன் விமானம் வந்தது. 1960களிற் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. கம்பனியின் கொமெட், வீ.சி.10 ஆகிய ஜெட் விமானங்களும், 1970களிற் பிரான்சின் யூ.ரீ.ஏ. கம்பனியின் துணையுடன் டி.சி.8 விமானமும் நெடுவழியிற் சேவை புரிந்தன. கூட்டாளி மாறுந்தோறும் விமானமும் மாறிற்று. நெடுவழியில் இரவற் சிறகே எஞ்சிற்று.

குறுவழியின் கதை வேறு. டக்கோட்டாக்களுக்குத் துணையாக 1964இல் அவ்ரோ 748 வந்தது. நோர்ட் 262 என்னும் சிறு விமானமும் சிலகாலம் பறந்தது. 1969இல் மூன்று ஜெட் இயந்திரங்களையுடைய ட்ரைடன்ட் ஒன்று வாங்கப்பட்டு, அண்டை ஆசிய நகரங்களுக்குச் செலுத்தப்பட்டது. அளவிற் சிறியவையாயினும் இவை நம் நாட்டவர் பயின்று, பழுதுபார்த்து, செலுத்திய விமானங்கள். இச்சேவையின் உண்மையான செல்வம் இத்தொழிலறிவே என்பது எம் கருத்து.

அதன் முடிவு துயரமானது. 1978 செப்தம்பர் 7ஆந் தேதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், அவ்ரோ விமானம் இரத்மலானையிற் குண்டு வெடித்து அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. நிதி முடையாலும் நிர்வாகத் தளர்ச்சியாலும் நலிந்திருந்த எயார் சிலோன் அடுத்த ஆண்டு மறைந்தது. 1979 செப்தம்பர் முதலாந் தேதி எயார் லங்கா பறக்கத் தொடங்கியபொழுது, அதன் முதல் போயிங் 707 விமானங்களும் சிங்கப்பூர்க் கம்பனியிடம் இரவலாகப் பெற்றவையே. 1998இல் எமிரேட்ஸ் பங்காளியாகி 2008 வரை நிர்வகித்தது. பெயர் மாறினும் பழைய வழக்கம் மாறவில்லை.

வடபுல வழியோ போரின் வாய்ப்பட்டது. பலாலி படைத்தளமாயிற்று. 1998 செப்தம்பர் 29ஆந் தேதி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். ஒரு குறுவழி மூடப்படுவதாற் பயணச்சீட்டு மாத்திரம் இல்லாமற் போவதில்லை. இரு கரையினரும் ஒருவர் முகத்தை ஒருவர் மறக்கின்றனர்.

2019 அக்தோபர் 17ஆந் தேதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து சேவை தொடங்கிற்று. தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் நடந்தது. 1947இன் முதல் வழி ஏறத்தாழ அவ்வாறே புத்துயிர் பெற்றது. ஆயின் அதனைத் திறந்தது இந்திய அரசின் அலையன்ஸ் எயார் நிறுவனம். நெடுவழியில் மாத்திரமன்றி, நமக்கே உரியதாயிருந்த குறுவழியிலும் பிறர் சிறகையே நாம் எதிர்நோக்க நேர்ந்தது.

இதனால் பிறர் துணையைக் கொள்ளலாகாது என்பது பெறப்படவில்லை. சிறு நாடு கூட்டாளியின்றி நெடுந்தூரம் பறத்தல் அரிது. ஆயினும் அயலூரை அடையும் ஆற்றலைத் தன் கையில் வைத்துக்கொண்டே தூரதேசத்தை நாடுதல் அறிவுடைமை. தேசத்தின் மதிப்பை இலண்டனில் இறங்கும் விமானத்தால் மாத்திரம் அளந்தோர், காங்கேசன்துறையில் இறங்கிய டக்கோட்டாவின் மதிப்பை உணர்ந்திலர். வரலாறு பயிலும் மாணவர் அதனை உணர்வாராக.