சனிக்கிழமை மிட்டாய்

ஸ்வீடன் நாட்டுக் குழந்தைகள் சனிக்கிழமைக்காகக் காத்திருப்பார்கள். அன்றுதான் மிட்டாய்க் கடைக்குப் போய், பிடித்ததை எல்லாம் அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இதற்கு அவர்கள் மொழியில் ‘லோர்டாஸ்கூடிஸ்’ என்று பெயர். சனிக்கிழமை மிட்டாய் என்று பொருள். மற்ற நாட்களில் பல வீடுகளில் மிட்டாய் கிடையாது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தேடிப் போனால், நாம் சென்று சேரும் இடம் ஒரு மருத்துவமனை.

1930களில் ஸ்வீடனில் பல் சொத்தை இல்லாதவரைக் காண்பது அரிது. அரசு 1938இல் பொதுப் பல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. ஆனால் சொத்தையை அடைப்பதும் பல்லைப் பிடுங்குவதும் நோயைத் தடுப்பதாகாதே! சொத்தை எதனால் வருகிறது? பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற அமெரிக்கர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன என்று 1890இலேயே எழுதியிருந்தார். எனினும் எல்லோரும் இதை ஏற்கவில்லை. உணவில் வைட்டமின் குறைவதே காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இதைத் தீர்த்துவைக்க, லூண்ட் நகரின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945இல் ஆய்வு தொடங்கியது. மனவளர்ச்சி குன்றியவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த இடம் அது. அவர்கள் என்ன உண்டார்கள், எப்போது உண்டார்கள் என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். ஆய்வாளருக்கு இதைவிட வசதியான இடம் ஏது? முதலில் வைட்டமின்களைச் சோதித்தார்கள். 1947 முதல் சர்க்கரைக்கு மாறினார்கள்.

436 நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்து, சாப்பாட்டுடன் கொடுத்தார்கள். வேறு குழுக்களுக்கு இனிப்பு ரொட்டி, சாக்லேட் முதலியன. ஒரு குழுவுக்கு மட்டும், பல்லில் நன்றாக ஒட்டும்படி தனியாகச் செய்த டாஃபி, நாளுக்கு 24, சாப்பாட்டு வேளைகளுக்கு இடையில். (நம் ஊர்க் கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.)

முடிவு என்ன தெரியுமா? சாப்பாட்டுடன் 300 கிராம் சர்க்கரை குடித்தவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. டாஃபி தின்றவர்களின் பற்களோ பாழாயின. டாஃபியை நிறுத்தியபின் புதிய சொத்தைகள் குறைந்தன. சர்க்கரையின் எடையைவிட, அது பல்லில் ஒட்டுகிறதா, எத்தனை முறை வாய்க்குள் போகிறது என்பவையே முக்கியமாயின.

இதன் பின்னுள்ள கணக்கு எளியது. வாயின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 7. சர்க்கரை பட்டதும் சில நிமிடங்களில் பல்லின் மேல் படிந்த படலத்தில் அது 5.5க்கும் கீழே இறங்குகிறது. 1940களில் ஸ்டீபன் என்பவர் இதை அளந்து காட்டினார். 7இலிருந்து 5.5 என்றால் சிறு வேறுபாடாகத் தோன்றும். ஆனால் பிஎச் என்பது மடக்கை அளவை. ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 30 மடங்கு பெருகிவிட்டன என்று பொருள்! எனாமல் இந்நிலையில் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மெல்லத் திருப்பித் தரும். அதற்கு அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். நீரில் கரைந்த சர்க்கரை விழுங்கியதும் போய்விடுகிறது. பாகுத்தன்மை மிகுந்த டாஃபியோ கடைவாய்ப் பல்லின் குழியில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. உமிழ்நீர் வேலையை முடிக்குமுன் அடுத்த டாஃபி வந்துவிடும். அப்புறம் எனாமல் தேறுவது எப்போது?

அறிவியலைப் பொறுத்தவரை இது அருமையான முடிவுதான். ஆனால் அதற்காகப் பல்லை இழந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் அவர்களில் பலருக்குப் புரிந்திருக்காது. வேண்டாமென்று சொல்லவும் வழியில்லை. மனிதரைச் சோதிக்க அவர்களுடைய சம்மதம் தேவை என்ற நியூரம்பெர்க் விதிகள் வெளியானது, சர்க்கரைச் சோதனை தொடங்கிய அதே 1947இல்தான்! ஆய்வுக்கான செலவில் ஒரு பங்கை மிட்டாய், சாக்லேட் தொழிலினர் ஏற்றிருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். முடிவு அவர்களுக்கு இனிக்கவில்லை. எலும்பும் தோலுமான பட்டினிச் சோதனை இல்லையே, மிட்டாய்தானே என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பல்வலி வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்தச் சமாதானம் எனக்கு ஏற்கவில்லை. ஸ்வீடனிலும் இது பின்னாளில் பெரிய விவாதமானது. எலின் பொம்மெனெல் என்ற ஆய்வாளர் 2006இல் இதைப்பற்றி விரிவான ஆய்வேடே எழுதினார்.

முடிவுகள் 1953இல் வெளிவந்தன. குஸ்டாஃப்சனும் உடன் ஆய்ந்தோரும் எழுதிய ஆங்கில அறிக்கை 1954இல் அச்சானது. அவற்றைக் கையிலெடுத்து, 1950களின் இறுதியில் அதிகாரிகள் பெற்றோருக்கு ஒரு யோசனை சொன்னார்கள்: மிட்டாயைத் தடுக்கவேண்டாம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்குப் பதில், வாரத்தில் ஒரே நாள், வேண்டுமளவு கொடுங்கள். குழந்தைகள் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. இன்றும் சனிக்கிழமை மாலைகளில் அந்நாட்டுக் கடைகளில் மிட்டாய்த் தொட்டிகளுக்கு முன்னால், கையில் சிறு கரண்டியுடன் அவர்கள் நிற்கிறார்கள்.