‘டிரையல் நடக்கட்டும், என் குழந்தை மட்டும் வேண்டாம்’: குழந்தைகள் மீதான மருந்து ஆய்வு பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்களிடம் இரண்டு கேள்விகள். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து, குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டதாக இருக்கணுமா? “இதுல என்ன சந்தேகம், கண்டிப்பா” என்பீர்கள். சரி, அந்தச் சோதனையில் உங்கள் குழந்தையைச் சேர்ப்பீர்களா? இப்போது பதில் அவ்வளவு வேகமாக வராது.

2021 மே மாதம், 2 முதல் 18 வயது வரையுள்ள 525 பேரிடம் கோவாக்சினைச் சோதிக்க அனுமதி கிடைத்தபோதும் பல வீடுகளில் இதே தயக்கம்தான். இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறதா? பார்ப்போம்.

பெரியவர்கள் டோஸைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. பச்சிளம் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் விதமே வேறு. 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வரக்கூடாது என்று குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். அதை வெளியேற்ற முடியாமல் உடல் சாம்பல் நிறமாகி, பல குழந்தைகள் இறந்தன. ‘கிரே பேபி சிண்ட்ரோம்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். ஒழுங்காக ஆய்வு நடத்திய பிறகே காரணம் புரிந்தது. அதாவது, டிரையல் நடத்தாவிட்டால் ரிஸ்க் போய்விடாது. கணக்கில் வராமல் வார்டுக்குள் நடக்கும், அவ்வளவுதான்.

மறுபக்கம் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ‘ஏ.எல்.எல்.’ வகையில், 1960களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. இருந்த மருந்துகளையே எந்த வரிசையில், எந்த அளவில் கொடுப்பது என்று டிரையல் டிரையலாகக் கற்றுக்கொண்டதுதான் இதற்குப் பெரிய காரணம்.

இந்தியாவில் பலன் தந்த ஆய்வு உண்டா?

உண்டு. ரோட்டாவாக் சொட்டு மருந்து. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிராக இங்கேயே உருவானது. 2011-ல் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் பெரிய சோதனை தொடங்கியது. முதல் வயதில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் குறைத்தது. 2016-ல் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது.

இதிலும் விமர்சனம் இல்லாமல் இல்லை. மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குப் பிளசீபோ, அதாவது மருந்து இல்லாத சொட்டு. அப்போதே கடைகளில் வேறு ரோட்டா தடுப்பு மருந்துகள் விற்பனையில் இருந்தன. ‘அதைக் கொடுக்காமல் விட்டது சரியா?’ என்ற கேள்வி நெறிமுறை விவாதங்களில் எழுந்தது.

அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது?

2009-ல் ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு, ஐ.சி.எம்.ஆர். மற்றும் மாநில அரசுகளுடன் சேர்ந்து, அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10–14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டது. பங்கேற்றவர்கள் 20,000-க்கும் அதிகம். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவர, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் வேறு வேறு. சிக்கல் ஒப்புதல் படிவத்தில் இருந்தது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் ஹாஸ்டல் வார்டன்கள். பத்தில் கிட்டத்தட்ட மூன்று! கம்மத்தில் பங்கேற்றவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஒரு நல்ல தடுப்பூசியின் மேலேயே சந்தேகம் படிந்துபோக இது போதுமானதாக இருந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள் வந்தன. ஐ.சி.எம்.ஆரும் 2017-ல் குழந்தைகளுக்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. சுருக்கமாக:

• பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம்.
• குழந்தையையும் கேட்க வேண்டும். 7–12 வயதில் வாய்மொழிச் சம்மதம், 12–18 வயதில் எழுத்துச் சம்மதம்.
• முற்றிலும் புதிய மூலக்கூறு என்றால், ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்.
• ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.
• எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

நாளைக்கு உங்களிடமே கேட்டால்?

உடனே ‘சரி’யும் வேண்டாம், உடனே ‘முடியாது’வும் வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

1. இது சிகிச்சையா, ஆய்வா? டாக்டர் சொல்கிறார் என்றாலே ‘நம்ம புள்ளைக்கு நல்லதுக்குத்தான்’ என்று நினைத்துவிடுவோம். ஆய்வின் முதல் நோக்கம் விடை கண்டுபிடிப்பது.
2. பிளசீபோ உண்டா? சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்?
3. மத்திய அரசின் கிளினிக்கல் டிரையல் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.
4. நள்ளிரவில் ஏதாவது ஆனால் யாருக்கு போன் செய்வது? நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் எது?

இவ்வளவும் கேட்ட பிறகு ‘வேண்டாம்’ என்றால், அது உங்கள் உரிமை. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த வீடுகள் எல்லாமே விலகி நின்றால், மீதி இருப்பது வார்டன் கையெழுத்தில் வரும் குழந்தைகள்தான். அவர்கள் உடம்பில் சோதித்த மருந்து நம் வீட்டுக்கும் வரும். அந்தச் சிறுமிகளின் பெற்றோருக்கும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்ததா என்று கேட்பது, அதை வாங்கிப் பயன்படுத்தும் நம் வேலையும்கூட.