மேசையில் இடம்பெறாத மலையகப் பெண்கள்

போர்த் தடுப்பிலும் சமாதானப் பேச்சிலும் பெண்களுக்குப் பங்கு வேண்டும் என்ற 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய நாள் 2000 ஒக்டோபர் 31. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர்தான், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பலொன்று கொன்றது. கொந்தளிப்பு தலவாக்கலை வரை பரவி, ஊரடங்குச் சட்டம் வந்தது.

அந்நாளைய என் குறிப்பேட்டை அண்மையில் புரட்டினேன். தொழிற்சங்கத் தலைவர்கள், பொலிஸ் அதிகாரிகள், கடைக்காரர்கள். பெண்ணொருத்தியின் பெயரும் இல்லை. நகருக்கு இறங்க அஞ்சிய அந்த நாட்களில், இருந்த மாவை அளந்து ரொட்டி சுட்டவர்களும், பிள்ளைகளை லயத்துக்குள் இருத்திவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனவர்களும் பெண்களே. அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமாதானம் பேசியவர்களுக்கும் தோன்றவில்லை. 2002 டிசம்பர் ஒஸ்லோச் சுற்றில் பெண்கள் விவகாரங்களுக்கென ஓர் உபகுழுவை அமைக்க உடன்பட்டார்கள். அரச தரப்பில் ஐவர், புலிகள் தரப்பில் ஐவர், அனைவரும் பெண்கள். நல்ல முயற்சிதான். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலக, அதுவும் ஓய்ந்தது. 1977, 1981, 1983 என மூன்று முறை வன்செயலில் அடிபட்ட தோட்டப்புறத் தமிழருக்கென அந்த மேசையில் தனி நாற்காலி இருக்கவில்லை. ஆயுதம் ஏந்திய இரு தரப்பாருக்கே இடம் என்பது விசித்திரமான நியாயம்!

தோட்டப் பெண்கள் பேசத் தெரியாதவர்கள் அல்லர். 1930களிலேயே கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் மட்டும் 1984இல்தான் கிட்டியது.

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத் திருத்தம் 2016இல் வந்தது. 1325ஐச் செயற்படுத்தும் இலங்கையின் முதலாவது தேசிய செயற்றிட்டம் 2023இல்தான், தீர்மானம் பிறந்து 23 ஆண்டுகள் கழிந்து. மறு ஆண்டு நவம்பர்த் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் வென்றனர். நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள் இவர்களே.

தோட்டத் தலைவர் யார் என்று எந்த லயத்தில் கேட்டாலும் இன்றும் பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சொல்பவர், அநேகமாக, கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்கும் ஒரு பெண்.