கண்ணுக்குத் தெரியாத நோயைத் தேடிய கண்ணாடி

"மகரகமைக்கு எழுதித் தந்திருக்காங்க" என்ற ஒரு வசனம் போதும், நம்மூரில் ஒரு வீடே அமைதியாகிவிடும். சத்திரசிகிச்சை முடிந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா எடுத்தாச்சா டொக்டர்?" என்பதுதான். இதற்கு உடனே உறுதியான பதில் சொல்வது ஏன் கடினம்?

கட்டியின் ஓரத்தில் புற்றுநோய்க் கலங்களையும் நல்ல கலங்களையும் வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது. வெட்டிய பகுதியை ஆய்வுகூடத்தில் பார்த்த பிறகே மிச்சம் இருக்கிறதா என்பது தெரியும். அமெரிக்காவில் மார்புக் கட்டியை மட்டும் அகற்றிக்கொண்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டியிருந்தது.

இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி பழையது. 1940களின் பிற்பகுதியில் மினசோட்டாவில் ஜோர்ஜ் மூர் என்ற வைத்தியர், ஒளிரும் சாயமொன்றை உடலில் ஏற்றி மூளைக் கட்டிகளைத் தேடினார். 1959இல் இந்தோசயனின் கிறீன் என்ற சாயத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புகைப்படத்துக்குப் பெயர்போன கொடாக் நிறுவனத்தில் பிறந்த சாயம் அது. ஆனால் அதன் ஒளி செந்நிறக்கீழ்க் கதிர். நம் கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்கே தெரியும். அதற்காக வந்த இயந்திரங்கள் பெரியவை, விலை கூடியவை. வைத்தியர் நோயாளியை விட்டுத் திரையைப் பார்க்கவேண்டும்.

இதை மாற்றியவர்களில் ஒருவர் சாமுவேல் அச்சிலெஃபு. நைஜீரியாவில் பிறந்து, பியாஃப்ரா போரினால் சிறுவயதிலேயே இடம்பெயர்ந்தவர். புலமைப்பரிசிலில் பிரான்ஸ் சென்று படித்தார். பின்னர் சென் லூயிஸ் நகரின் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில், கமெராவையும் சிறு திரையையும் தலையில் அணியும் கண்ணாடியாக்கியது அவரது குழு. கைத்தொலைபேசிக் கமெராவில் உள்ளது போன்ற மலிவான உணரிகளைப் பயன்படுத்தியதால், சிறிய வைத்தியசாலைகளுக்கும் எட்டக்கூடிய விலை என்பது அவர்களது நோக்கமானது. 2014 பெப்ரவரியில் வைத்தியர் ஜூலி மார்கெந்தலர் அதை அணிந்து மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை செய்தார். சாயம் தங்கிய இடங்கள் அவர் கண்முன்னே நீலமாகத் தெரிந்தன.

குறையும் உண்டு. அந்தச் சாயம் புற்றுநோயில் மட்டும் தங்குவதில்லை, வீக்கமுள்ள இடத்திலும் தங்கும். ஆகவே புற்றுநோயையே தேடிப் பிடிக்கும் சாயத்தையும் அக்குழு உருவாக்கியது. ஆய்வுகூடப் பரிசோதனையின் தேவையும் நீங்கிவிடவில்லை.

உறவுகளே, எவ்வளவு நல்ல கண்ணாடி வந்தாலும் அது வைத்தியசாலைக்கு வந்தவருக்குத்தான் உதவும். கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டால் வெட்கத்தில் மறைக்காமல் காட்டச் சொல்லி, நம் உம்மாமாருக்கும் சகோதரிகளுக்கும் இன்றே எடுத்துச் சொல்வோம்.