நீலகிரியின் 46,559: நோட்டா எண்ணிக்கையை வாசிப்பது எப்படி?

2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் நோட்டாவுக்கு 46,559 பேர் வாக்களித்தார்கள். நாட்டிலேயே அதிகம். கட்சிகள்மீது நம்பிக்கை இழந்தவர்களின் குரல் முதன்முறையாகக் கணக்கில் ஏறியது என்றும், திமுக வேட்பாளர்மீதான அலைக்கற்றை வழக்கின் நிழல் படிந்த தொகுதியில் அது எதிர்பார்த்ததே என்றும் எழுதும் ஒரு மரபு இங்கே நிலைபெற்றுவிட்டது. அந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் விடுபட்டிருப்பது ஒரு எளிய செய்தி. அந்தத் தேர்தலில் நீலகிரியில் பாஜக வேட்பாளரே இல்லை. கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் வந்துசேராததால் நிறுத்தப்பட்டவரின் வேட்புமனு தள்ளுபடியானது. தேமுதிக, பாமக, மதிமுக, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி (கொமதேக) ஆகியவை பாஜகவோடு நின்ற ஆண்டு அது. ஆகவே வாக்குப்பதிவு இயந்திரத்தில் காணாமல் போனது ஒரு பெயர் மட்டுமல்ல, ஒரு கூட்டணியே காணாமல் போனது. 1998, 1999 இரு தேர்தல்களிலும் பாஜக வென்ற தொகுதி இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய கட்சிகளின் தோளில் ஏறி வந்த வெற்றிகள்தாம் அவை. ஆனாலும் அடித்தளமே இல்லாத இடத்தில் அவை வந்திருக்க முடியாது.

பக்கத்துத் தொகுதிகளைப் பார்ப்போம். கோவையில் பாஜகவும், பொள்ளாச்சியில் கொமதேகவும், திருப்பூரில் தேமுதிகவும் இரண்டாம் இடம். திருப்பூரில் மட்டும் அக்கூட்டணிக்கு 2,63,463 வாக்குகள். நீலகிரித் தொகுதி என்றால் ஊட்டியும் குன்னூரும் கூடலூரும் மட்டுமல்ல. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று பாதித் தொகுதி சமவெளியில் கிடக்கிறது, திருப்பூரோடும் கோவையோடும் ஒட்டிக்கொண்டு. இங்கே அக்கூட்டணியின் பலம் திருப்பூரில் பாதிதான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒன்றேகால் லட்சம் பேருக்குமேல் தங்கள் சின்னம் இல்லாத இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறார்கள். மாநில அளவில் நோட்டா ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நீலகிரியில் ஏறத்தாழ ஐந்து. இந்தக் கூடுதலின் பெரும்பகுதி கட்சி உள்ளவர்களின் வாக்கு என்பதே என் முடிவு. அது வெறுப்பின் வாக்கு அல்ல, ஆள் இல்லாததால் விழுந்த வாக்கு.

அப்படியானால் மிச்சம் பேர் எங்கே போனார்கள்? எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். அதிமுக 4,63,700 வாக்குகளோடு வென்றது. அண்டைத் தொகுதிகளில் அது பெற்றதைவிட இது சில பத்தாயிரங்களே கூடுதல். திமுகவின் எண்தான் நம்மை நிறுத்துகிறது. அண்டையில் உள்ள மூன்று தொகுதிகளிலும் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, எதிலும் 2,60,000-ஐ எட்டாத அக்கட்சி, நீலகிரியில் 3,58,760 பெற்றது. வாக்காளர் எண்ணிக்கையில் நீலகிரி அவற்றைவிடப் பெரிய தொகுதியல்ல. வேட்பாளர் ஆ. இராசா, அலைக்கற்றை வழக்கில் அப்போது குற்றம் சாட்டப்பட்டிருந்தவர், 2017 டிசம்பரில்தான் விடுவிக்கப்பட்டார். 2009-இல் காங்கிரசைக் கூட்டணியில் வைத்துக்கொண்டு அவர் பெற்றது 3,16,802. காங்கிரஸ் தனியே நின்ற 2014-இல் அது கூடியிருக்கிறது. வாக்குப்பதிவு உயர்ந்ததும், தொகுதியில் அவருக்கு இருந்த சொந்தச் செல்வாக்கும் இதில் ஒரு பங்கை விளக்கும், முழுவதையும் விளக்காது.

தன் கட்சி களத்தில் இல்லாதபோது பலர் வீட்டுக்குப் போய்விடவில்லை. கடைசிப் பொத்தானான நோட்டாவையும் தேடவில்லை. எதிரே இருந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்து ஒன்றை அழுத்தினார்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஓட்டுப் போடாம இருக்க முடியுமா’ என்று டீக்கடையில் சொல்பவரை நாம் எல்லோரும் அறிவோம். சலித்துப்போன வாக்காளர் அவர்தான். அவருடைய சலிப்பு நோட்டாவின் கட்டத்தில் இல்லை, வென்றவரும் தோற்றவரும் பெற்ற வாக்குகளுக்குள் அடையாளமின்றிக் கலந்துகிடக்கிறது. பழைய 49-ஓ விதியின்படி, வாக்களிக்க மறுத்தவர் 17-ஏ பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டியிருந்தது. வாக்குச்சாவடியில் அத்தனை பேர் பார்க்க அதைச் செய்ய மனத்திடம் வேண்டும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தானைக் கொண்டுவரச் சொல்லி இரகசியத்தைக் காத்தது. அது சரியான தீர்ப்பு. ஆனால் இரகசியம் வந்தபின் இந்தப் பொத்தானைக் கட்சிக்காரரும் அழுத்தலாம், கட்சியை வெறுத்தவரும் அழுத்தலாம். எண்ணிக்கை இருவரையும் பிரித்துக் காட்டாது.

கடைசிப் பொத்தானை அறியாமல் அழுத்தினார்கள் என்பதும், கூடலூரில் தீராத நில உரிமைப் பிரச்சினையே காரணம் என்பதும் நிற்காத வாதங்கள். பொத்தானும் பிரச்சினையும் 2019-இலும் இருந்தன. நோட்டாவோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்று பாஜகவில் சேர, காங்கிரஸ் நோட்டாவுக்கு வாக்குக் கேட்டது, விழுந்தவை 2,18,674. அதை யாரும் கட்சி வெறுப்பு என்று எழுதவில்லை. நீலகிரிக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

தொகுதிக் கணக்கிலிருந்து தனி மனிதரின் மனத்தை ஊகிப்பதில் உள்ள ஆபத்தை நான் மறுக்கவில்லை. என் வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. 20-ஆம் படிவத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி. அதில் நோட்டாவுக்குத் தனிக் கட்டம். 2014-இன் அந்தக் கட்டத்தை, பெரிய கட்சிகளின் துணையின்றி பாஜக நின்ற 2016 பேரவைத் தேர்தலின் தாளோடு, சாவடி சாவடியாக ஒட்டிப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலும் அவிநாசியிலும் தாமரைக்கு வாக்கு அதிகம் விழுந்த சாவடிகளில் நோட்டா உயர்ந்திருக்கவில்லை என்றால், நான் சொன்னது தவறு.