ஒரு மீனும் ஒரு கூட்டுக் கணக்கும்

மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்தவர்கள் எழுதுவது பெரும்பாலும் நயாகரா பற்றித்தான் இருக்கும். நான் ஒரு மீனைப் பற்றி எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூ ஜெர்சியில் சாண்டி ஹூக் கடற்கரைக்குப் போயிருந்தோம். என் வயதுள்ள ஒருவர் தூண்டிலோடு அலையில் நின்றிருந்தார். வெகு நேரம் போராடி ஒரு பெரிய மீனைக் கரைக்கு இழுத்தார். வெள்ளி நிறம், பக்கவாட்டில் நீளமான கறுப்புக் கோடுகள். அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். 34 அங்குலம். உடனே மீனைத் தண்ணீரில் பிடித்து, அது தெம்பு பெறும் வரை காத்திருந்து, விட்டுவிட்டார். "பெரிய மீனைப் போய் ஏன் தாத்தா விடறார்?" என்றான் என் பேரன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், கிட்டத்தட்ட 400 ஆண்டு வரலாறு கிடைத்தது.

அந்த மீனின் பெயர் ஸ்ட்ரைப்ட் பாஸ். கடலில் வளர்ந்து, வசந்த காலத்தில் ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும். அட்லாண்டிக் கரையில் இருக்கும் இந்த மீன்களில் பெரும் பகுதி செசபீக் வளைகுடாவில் பிறப்பவை. ஆங்கிலேயர்கள் குடியேறிய காலத்தில் இது அவ்வளவு மலிவு. வயலுக்கு உரமாகப் போட்டார்கள். 1639-லேயே மாசசூசெட்ஸ் குடியேற்றம் அதைத் தடை செய்து சட்டம் போட்டது. 1879-ல் சாண்டி ஹூக்கை ஒட்டிய நேவசிங்க் ஆற்றிலிருந்து நூற்றுச் சொச்சம் மீன்களை ரயிலில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அங்கே சந்தைக்கு வரும் அளவுக்கு அவை பெருகின. இப்படிப்பட்ட மீன் தீர்ந்துபோகும் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் தீரப் பார்த்தது. 1973-ல் வணிக மீனவர்கள் பிடித்தது சுமார் 1.5 கோடி பவுண்டு. பத்தே ஆண்டில், 1983-ல், அது 35 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. ஆற்றுத் தண்ணீர் கெட்டதும் ஒரு காரணம், அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணம்.

வங்கியில் இருந்தபோது ஒரு கூட்டுக் கணக்கு என் கவுண்டருக்கு வரும். நான்கு சகோதரர்கள், யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் வந்து, "யார் சார் எடுத்தது?" என்று கேட்பார்கள். தான் எடுத்ததை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். இந்த மீனின் நிலையும் அதுதான். மெய்ன் முதல் வட கரோலினா வரை பல மாநிலங்களின் கரையோரமாக அது நீந்திப் போகிறது. நாம் விட்டால் பக்கத்து மாநிலக்காரன் பிடிப்பான் என்று ஒவ்வொரு மாநிலமும் நினைத்தது. மாநிலங்கள் சேர்ந்து 1981-ல் ஒரு திட்டம் வகுத்தன, ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. 1984-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது: திட்டத்தை ஏற்காத மாநிலத்தில் இந்த மீனைப் பிடிக்கவே தடை விதிக்கலாம். அதன் பிறகுதான் எல்லோரும் வழிக்கு வந்தார்கள்.

1985 ஜனவரி 1 முதல் மேரிலாண்ட் மாநிலம் முழுத் தடை போட்டது. வேறு இடங்களில் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தை உயர்த்திக்கொண்டே போனார்கள். கணக்கு எளிமையானது. 1982-ல் பிறந்த குஞ்சுகள் ஓரளவு தேறியிருந்தன. அவற்றில் 95 சதவீதப் பெண் மீன்கள் ஒரு முறையாவது முட்டையிடும் வரை தொடக்கூடாது. அதாவது, வட்டி வரும் வரை முதலில் கை வைக்காதே. மீன் பிடித்தே பிழைத்த குடும்பங்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் எளிதாக இருந்திருக்காது. ஆனால் பலன் கிடைத்தது. 1989-ல் குஞ்சுகள் ஏராளமாகப் பிறந்தன. 1990-ல் தடையைத் தளர்த்தினார்கள். 1995-ல் மீன்வளம் முழுமையாக மீண்டதாக அறிவித்தார்கள். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர், கடலோரத்தில் நாளுக்கு 28 அங்குலத்துக்குக் குறையாத 2 மீன்கள் எடுத்துப் போகலாம் என்றானது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால் கையிருப்பு மறுபடி குறைந்தது. 2015-ல் 2 மீன் 1 ஆனது. 2019-ல் வெளியான ஆய்வு, அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்றது. 2020-ல் மேல் வரம்பும் வந்தது: 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 35-ஐத் தொடாமலும் இருக்கும் ஒரு மீன் மட்டும். பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண் மீன்கள், லட்சக்கணக்கில் முட்டையிடுபவை. முதல் என்பது அவைதான்.

விட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. தூண்டிலிலிருந்து விடப்படும் மீன்களில் 100-க்கு 9 செத்துப்போகும் என்று கணக்கிடுகிறார்கள். அதனால் 2021 முதல், இரை வைத்துப் பிடிப்பவர்கள் முனை உட்புறம் வளைந்த வட்டத் தூண்டில் முள்ளையே பயன்படுத்த வேண்டும். அது தொண்டையில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும்.

2015-ல் பிறந்த கூட்டம் பெரியது. அது வளர்ந்து 28 அங்குலத்தைத் தாண்டிய 2022-ல், தூண்டில்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போன மீன்கள் முந்தைய ஆண்டைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்காயின. 2023 மே மாதம் அவசரமாக மேல் வரம்பை 31 அங்குலமாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு இன்னொரு கெட்ட செய்தியும் வந்தது. மேரிலாண்டில் 1954 முதல் ஆண்டுதோறும் கரையோரம் வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள். நீண்டகாலச் சராசரி, வலைக்கு 11 குஞ்சு. 2023-ல் கிடைத்தது 1. குளிர் போதாத குளிர்காலமும் மழை குறைந்த வசந்தமும் குஞ்சுகளுக்கு ஆகவில்லை. 2029-க்குள் மீன்வளத்தை மீட்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் கெடு. வரவு இல்லாத நேரத்தில் இருப்பைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சாண்டி ஹூக்கில் அந்தப் பெரியவர் 3 அங்குலம் கூடுதலாக இருந்த மீனை ஏன் விட்டார் என்று இப்போது புரிகிறது. அங்கே அவரைக் கண்காணிக்க யாரும் இல்லை. 34 அங்குல மீனுக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அதுவும் 2015-ல் பிறந்ததாக இருக்கலாம் என்று பேரனிடம் சொன்னேன். "அப்போ அதுக்கும் என் வயசுதான்" என்றான். அதன் பிறகு அவன் ஏன் என்று கேட்கவில்லை.