தேதி போட்டு வைத்த வசந்தம்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஸ்டிராட்டன் ஸ்டிராலெஸ் என்று ஓர் ஊர். அங்கே வாழ்ந்த நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம் 1736-இல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். குளிர் விலகுவதற்கான அடையாளம் எதைக் கண்டாலும் தேதியோடு குறித்து வைப்பார். ஸ்னோட்ராப் பூத்த நாள், திரஷ் பறவை பாடத் தொடங்கிய நாள், தவளை கத்திய நாள், ரூக் காகம் கூடு கட்டிய நாள், தகைவிலான் வந்து சேர்ந்த நாள், ஓக் மரம் தளிர்த்த நாள் என்று மொத்தம் 27 அடையாளங்கள்.

அவருக்கு மரங்கள்மீது தீராத பற்று. அடிமரத்தைக் கழுவித் தேய்த்தால் மரம் வேகமாகப் பருக்குமா என்றுகூடச் சோதித்துப் பார்த்து எழுதியவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த வசந்தக் குறிப்புகளை 1789-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். செல்போர்ன் ஊரின் உயிர்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற கில்பர்ட் வைட்டுக்கும் அவருக்கும் 1790-இல் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. இருவருமே முதியவர்கள். 1793-இல் வைட் இறக்கும்வரை பறவைகளையும் மரங்களையும் பற்றியே எழுதிக்கொண்டார்கள்.

மார்ஷம் 1797-இல் காலமானார். குறிப்பேடு மூடப்படவில்லை. பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இடையில் சில இடைவெளிகளோடு 1958 வரை எழுதினார்கள். 1995-இல் ஸ்பார்க்ஸ், கேரி என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை வெப்பநிலைக் கணக்குகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உயிர்களின் நாள்கள் வெப்பத்தோடு எப்படி நகர்கின்றன என்பதற்கு இரண்டு நூற்றாண்டுச் சான்று கிடைத்தது. பருவநிலை மாற்றம் என்ற கேள்வியே எழாத காலத்தில் எழுதியவர், அந்தக் கேள்விக்கான விடையைச் சேர்த்து வைத்திருந்தார்.

நான் கிழக்கு லண்டனில், வான்ஸ்டெட் பூங்காவுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். ஒருகாலத்தில் பெரிய மாளிகையின் தோட்டமாக இருந்த இடம் அது. மாளிகை 1820-களில் இடிக்கப்பட்டது. நிலம் 1882-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மரங்கள் மொட்டையாக நிற்கும் பிப்ரவரியிலேயே சாம்பல் நாரைகள் குளத்து மரங்களில் பழைய கூடுகளுக்குச் சுள்ளி சுமக்கத் தொடங்கிவிடும். மார்ச்சில் தெற்கிலிருந்து சிஃப்சாஃப் பறவை வந்து, தன் பெயரையே பாட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லும். வெயில் சற்று உறைத்தால் மஞ்சள் பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சி வேலியோரம் பறக்கும். இவற்றை நானும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. மாமரம் எப்போது பூவெடுக்கும், வேம்பு எப்போது பூக்கும், குயில் எப்போது விடாமல் கூவும் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவு மார்ஷமின் அறிவுக்குக் குறைந்ததல்ல. ஆனால் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி வழக்கமாக நடப்பதைத்தான் சொல்லும். இந்த வருஷம் எந்த நாளில் நடந்தது, போன வருஷத்தைவிட எத்தனை நாள் முந்தியது என்பதை அது சொல்லாது. பருவம் மெல்ல இடம் மாறும்போது பழமொழி பழைய இடத்திலேயே நின்றுவிடும். நகர்ந்த தூரத்தை அளக்கத் தேதி வேண்டும். தாத்தாவின் மாமரம் எந்தெந்த ஆண்டில் எந்த நாளில் பூத்தது என்று ஒரு வரிகூட எங்களிடம் இல்லை; அந்த இழப்பு என்னை உறுத்துகிறது.

மார்ஷமைப் போலவே, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஜீன் கூம்ஸ் என்ற பெண்மணி 1947 முதல் பல பத்தாண்டுகள் ஓக் உள்ளிட்ட மரங்கள் தளிர்க்கும் நாளைக் குறித்து வந்தார். இந்தியாவில் சீசன்வாட்ச் என்ற திட்டம் பள்ளிப் பிள்ளைகளையும் பொதுமக்களையும் மரங்களைக் கவனித்து எழுத வைக்கிறது. இதற்குப் பெரிய படிப்போ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். தெருவில் ஒரு வேம்பையோ கொன்றையையோ தேர்ந்தெடுங்கள். முதல் பூ விரிந்த நாளை ஆண்டோடும் இடத்தோடும் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே மரத்தையே பாருங்கள். உங்களுக்குப் பிறகு எழுத வீட்டில் ஒரு பிள்ளையை இப்போதே கூட அழைத்துப் போங்கள். மார்ஷம் குடும்பத்தின் குறிப்பேடு இருநூறு ஆண்டு நீண்டது அப்படிக் கைமாறியதால்தான்.